கெடிசா ஒட்டிய கொம்புகள்

கெடிசாவுக்கு வினாரு முகட்டில் ஒரு சாண் நிலம்கூடச் சொந்தமில்லை. அவர் பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம், பாம்பாற்றுப் பள்ளத்தாக்கில். அப்பா யாலிங், அம்மா மெவா. ஏழு பிள்ளைகளில் ஐந்தாவது. இருபது வயதில் காப்பிப் பழம் பறிக்க வாவு ஊர்த் தோட்டத்துக்கு வந்தார். அடுத்த வரிசையில் பழம் பறித்துக்கொண்டிருந்தவள் அவாசி. அப்புறம் அவர் திரும்பிப் போகவில்லை.

அவாசி வினாரு முகட்டுப் பெண். அவள் அப்பா போனெங்குக்கு இரண்டு பெண்டாட்டிகள். மூத்தவளுக்கு மூன்று ஆண்பிள்ளைகள், அதில் கடைசிதான் யகாசு. இளையவளுக்கு அவாசி ஒருத்திதான். ஆக, கெடிசா கிழங்கு நட்டது மனைவியின் மண்ணில், பன்றி வளர்த்தது மனைவியின் அண்ணன்மார் விட்டுக்கொடுத்த இடத்தில். முகட்டில் ஏதாவது பேச்சு முற்றினால் யாராவது ஒருவர், "பாம்பாத்துக்காரனுக்கு இங்க என்ன வாய்?" என்று கேட்டுவிடுவார்.

அப்படிக் கேட்பவர்களும் ஒரு விஷயத்தில் கெடிசாவிடம் வந்துதான் நிற்க வேண்டும். வாவு ஊரில் பூச்சிக்கூடம் ஒன்று இருந்தது. மலைக்காரர்கள் பிடித்துக் கொண்டுவரும் வண்ணத்துப்பூச்சி, வண்டு எல்லாவற்றையும் வாங்கித் தரம் பிரித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். ஒவ்வொரு பூச்சியும் முக்கோணமாக மடித்த காகிதத்துக்குள் இறக்கையை மூடிக்கொண்டு படுத்திருக்கும். காகிதத்தின் மேல் பிடித்த இடம், தேதி, பிடித்த ஆள். கெடிசா அங்கே முதலில் சேர்ந்தது உலர்த்தும் பெட்டிக்கு விறகு போடத்தான். ஒருநாள் உள்ளங்கை அகலப் பச்சை இறக்கைப் பூச்சி ஒன்று கொம்பு ஒடிந்து வந்தது. தூக்கி எறியப் போனார்கள். கெடிசா வாங்கிக்கொண்டு போய், பன்றி முதுகு மயிர் ஒன்றை வெள்ளைப் பசையில் தொட்டு, இன்னொரு செத்த பூச்சியின் கொம்பை எடுத்து வைத்து ஒட்டிக் கொண்டுவந்தார். எங்கே ஒட்டியிருக்கிறது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் விறகு தூக்கவில்லை. ஜன்னலோரம் ஒரு மேசை கொடுத்தார்கள். மேசைமேல் மீன் டப்பாக்கள் ஆறு. நீளம், தடிமன், நிறம் பார்த்துப் பிரித்த கொம்புகள் அவற்றில் கிடக்கும். உணர்கொம்பு என்று படித்தவர்கள் சொல்வார்கள், கூடத்தில் வெறும் கொம்புதான். இருபத்திரண்டு வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்தார்.

கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒட்டிய பூச்சியின் காகிதத்துக்குப் பின்னால் பென்சிலால் ஒரு வட்டம் போட வேண்டும். வாங்குகிறவன் தெரிந்து வாங்கட்டும் என்பதற்காக. வட்டம் போடாமல் ஒட்டுவேலையை உள்ளே தள்ளினால் பிடித்த ஆளின் ஊர்ப்பெயரையே வாங்கும் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். இப்படி இரண்டு ஊர்ப்பெயர்கள் அடிபட்டதைக் கெடிசாவே கண்ணால் பார்த்திருக்கிறார்.

அந்த வருஷம் மழை குறைந்த மாதத்தில் யகாசு ஒரு கட்டுக் கொண்டுவந்தான். கட்டுக்குள் ஒன்று கறுப்பு, நீல மினுமினுப்பு, குறுக்கே ரத்தச் சிவப்பில் ஒரு பட்டை. கொம்பு இரண்டுமே இல்லை. காலை ஒன்பது மணி வெயிலில் மஞ்சள் வயிற்று வண்ணத்துப்பூச்சிகளோடு கலந்து பறந்ததாம். அப்படிப் பறப்பது வேறு என்னவாக இருக்கும்? கெடிசா நாலாம் டப்பாவைத் திறந்து ஒரு ஜோடி கறுப்புக் கொம்பை எடுத்து ஒட்டினார். அன்றைக்குப் பதினெட்டுப் பூச்சி ஒட்டினார், பதினேழுக்கு வட்டம் போட்டார். ஒன்று விட்டுப்போனது அவருக்கே தெரியாது.

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, டாக்டர் டெல்மா கௌபா வந்தார். தலைநகர் அருங்காட்சியகத்தில் அந்துப்பூச்சிகளை, ராத்திரி விளக்கைச் சுற்றுகிற அந்த வகையை, ஆராய்கிற டாக்டர். சிம்பு மலைப்பெண். பாக்கு மெல்லாத மலைக்காரி என்று கூடத்தில் அவருக்குக் கேலிப்பெயர். கூடத்து மேலாளர் கவேரா கடற்கரை ஆள், வாய் நிறைய பாக்கும் சுண்ணாம்புமாகத்தான் எப்போதும் பேசுவார்.

"கவேரா அண்ணா, இது எந்தப் பெட்டில இருந்துச்சு?"

"வண்ணத்துப்பூச்சி, மூணாம் அடுக்கு. ஏன், பூசணம் பிடிச்சிருக்கா?"

"பூசணமா! இது வண்ணத்துப்பூச்சியே இல்ல. அந்து."

"பட்டப்பகல்ல பறந்துச்சாம்மா."

"ராத்திரிதான் பறக்கணும்னு அதுங்களுக்கு யாரு சட்டம் போட்டா? பகல்ல பறக்குற அந்து ஏகப்பட்டது இருக்கு. இங்க பாருங்க, ரெண்டு இறக்கையையும் கொக்கி போட்டுப் பிடிக்கிற முள்மயிர். இது அந்துக்குத்தான் உண்டு. ஆனா கொம்பப் பாருங்க, வண்ணத்துப்பூச்சிக்கு மாதிரி நுனியில குமிழ்! குமிழ்க்கொம்பு வச்ச அந்துக் குடும்பம் ஒண்ணு ஆஸ்திரேலியாவுல இருக்கு. அமெரிக்காவுல இருக்கு. நம்ம தீவுல இதுவரைக்கும் ஒருத்தரும் பார்த்ததில்ல. இன்னிக்கு நான் பார்த்துட்டேன்!"

கூடத்தில் இருந்த எல்லாரும் மேசையைச் சூழ்ந்துவிட்டார்கள். கூடத்து நுண்ணோக்கியின் கண்ணாடியில் பூசணம் படர்ந்து இரண்டு வருஷமாயிற்று. அதனால் டாக்டரின் கைக்கண்ணாடிதான் கைமாறியது. அது கெடிசாவிடம் வந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

இடது கொம்பு ஒரு மயிரிழை உள்பக்கம் சாய்ந்திருந்தது. அவர் வேலை எப்போதும் அப்படித்தான் சாயும், இடது கையால் பிடித்து ஒட்டுவதால். கூட்டத்துக்குள் தன் பிள்ளையின் நடையை அடையாளம் காண்கிற மாதிரி அவர் அதைக் கண்டுகொண்டார். காகிதத்தைத் திருப்பினார். வட்டம் இல்லை.

"யாரு பிடிச்சது?" என்று டாக்டர் கேட்டார்.

"என் மச்சான்."

"பேரு?"

கெடிசா தலையைக் குனிந்துகொண்டார். மனைவியின் அண்ணன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் மலையில் எங்கும் இல்லை. டாக்டரும் மலையில் பிறந்தவர்தானே, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு கவேராவைப் பார்த்தார்.

"யகாசு போனெங். வினாரு முகடு," என்றார் கவேரா. பிறகு கெடிசாவின் தோளில் ஓங்கி ஒரு தட்டு. "உங்க ஊருப் பூச்சிய்யா! வாயத் தொறந்து சிரியேன்!"

கெடிசா உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் டாக்டர் நோட்டை விரித்து எழுத ஆரம்பித்துவிட்டார். ஒரு பக்கம் முழுக்கக் கொம்பைப் பற்றியே எழுதினார். கெடிசா வாயை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் அவர் லாரியிலிருந்து இறங்கும் முன்பே செய்தி முகட்டுக்கு ஏறியிருந்தது. யகாசு பன்றித்தொழுவத்து வேலிமேல் உட்கார்ந்துகொண்டு, போகிறவன் வருகிறவனிடமெல்லாம் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மச்சான்! வா, வா! சனிக்கிழமை குழியடுப்பு வெட்டி ஊருக்கே விருந்து. அந்த வெள்ளைக்காலுப் பன்னிதான். உலகத்துல எங்கயும் இல்லாத பூச்சி நம்ம முகட்டுல இருக்குதாம். பாம்பாத்துக்காரன்னு இனிமே எவனாவது உன்னச் சொல்லட்டும், பல்லு அவன் கையில இருக்கும். நீ எடுத்து வைக்கலன்னா அத யாரு கண்டிருப்பா?"

இருபத்தாறு வருஷத்தில் யகாசு அவரிடம் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. கெடிசா சிரித்து வைத்துவிட்டுத் தோட்டத்துக்கு இறங்கினார். அவாசி மேட்டைக் கிளறிக் கிழங்கு எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்ததும் குச்சியைக் கீழே போட்டாள்.

"யாரு செத்தா?"

"யாரும் சாகல. அந்தப் பூச்சி கொம்பு நான் ஒட்டினது."

"எது? உலகத்துல இல்லாததா?"

"ம்."

"எதோட கொம்பு?"

"மஞ்ச வயித்துக்காரியோடது. நாலாம் டப்பா."

அவாசி கிழங்கு மேட்டின் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கெடிசா நின்றுகொண்டே இருந்தார். சிரிப்பு அடங்கியதும் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, சிரிச்சு முடிச்சுட்டேன். நாளைக்கு முதல் லாரிக்குப் போ."

"வட்டம் போடல, அவாசி. சொன்னா ஊர்ப்பேர அடிச்சிருவாங்க. உங்க அண்ணன்மாரு என்ன முகட்டுல இருக்க விடுவாங்களா?"

"சொல்லலன்னா?"

"அந்தப் பொண்ணு எழுதினது அச்சுல வரும். என்னிக்காவது எவனாவது தண்ணி தொட்டு வச்சுப் பாப்பான். கொம்பு கழண்டு கையோட வரும்."

"யாரு மூஞ்சில கரி?"

"அந்தப் பொண்ணு மூஞ்சில."

"அது நல்லா இருக்குமா? எங்கண்ணன்மாரோட சண்டை போட்டு உன்னக் கட்டுனேன். எதப் பாத்துக் கட்டுனேன்? நிலமா வச்சிருந்த, பன்னியா வச்சிருந்த? பழம் பறிக்கையில நீ ஒரு காயக்கூடப் பழத்துக்கு அடியில ஒளிச்சு வச்சதில்ல. மத்தவனெல்லாம் எடை கூட்ட வச்சான். அதப் பாத்துத்தான். போ, போய்க் காலக் கழுவு, கிழங்கு சுடறேன்."

மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, கூடத்துக் கதவைத் திறந்ததும் கெடிசா ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக்கொண்டு டாக்டர் மேசைக்குப் போனார். பன்றி மயிரைத் தண்ணீரில் தொட்டார்.

"டாக்டரம்மா, உன் பூச்சிய ஒரு நிமிஷம் தொடறேன். தடுக்காத."

அவர் கையை நம்பியதால் டாக்டர் தடுக்கவில்லை. கெடிசா கொம்பின் அடியில் ஒரு துளி ஈரம் வைத்தார். காத்திருந்தார். இன்னொரு துளி. இடது கொம்பு மெல்லச் சாய்ந்து காகிதத்தில் விழுந்தது. பிறகு வலது. இரண்டையும் மயிர் நுனியால் தள்ளிப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"வண்ணத்துப்பூச்சிக் கொம்பு. நான் ஒட்டினது. வட்டம் போட மறந்துட்டேன். நேத்தே தெரியும், சொல்லல. அது மறதியில்ல, பயம்."

கவேரா மெல்லுவதை நிறுத்தினார். டாக்டர் எழுந்து வெளியே போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்து நின்றார். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"நேத்து சாயங்காலமே எங்க அருங்காட்சியகப் பெரியவருக்கு ஃபோன்ல சொல்லிட்டேன், அப்பா. புதுக் குடும்பமே நம்ம தீவுக்கு வந்திருச்சுன்னு சொல்லிட்டேன்."

"இன்னொரு ஃபோன் போடு மகளே. ஒரு கிழவன் ஏமாத்திட்டான்னு சொல்லு."

"ஏமாத்துறவன் கிண்ணத்துல தண்ணி எடுத்துட்டு வரமாட்டான்." டாக்டர் கைக்கண்ணாடியை எடுத்து, கொம்பு இருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். "ஆறு ஊர்ல ஒட்டுவேலை பார்த்திருக்கேன். பசை எங்கயாவது பல்லக் காட்டிரும். இதுல ஒண்ணுமே தெரியல. எப்படிய்யா செஞ்சீங்க?"

"இது பாராட்டா, திட்டா?"

"ரெண்டும்தான்."

அப்புறம் டாக்டர் தன் தடித்த புத்தகத்தை விரித்தார். கொம்பை மறந்துவிட்டு, இறக்கையை மட்டும் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். இந்தத் தீவில் பகலில் பறக்கும் நீலக்கறுப்பு அந்துகள் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பட்டை ஒன்றில் வளைந்திருந்தது, ஒன்றில் உடைந்திருந்தது, ஒன்றில் மஞ்சளாக இருந்தது. எதுவும் சேரவில்லை. மத்தியானம் புத்தகத்தை மூடினார்.

"கொம்பு போச்சு, பூச்சி போகல. புதுக் குடும்பம் இல்ல. ஆனா புது இனம்தான். இப்படி ஒண்ண இதுவரைக்கும் யாரும் எழுதல. ஆனா கொம்பில்லாத ஒண்ண வச்சு நான் எப்படி எழுதுறது? அதோட சொந்தக் கொம்போட முழுசா ஒண்ணு வேணும். ஆணும் பொண்ணும் கிடைச்சா இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் லே நகரத்துக்கு லாரி ஏறுறேன். மறுபடி இந்தப் பக்கம் எப்ப அனுப்புவாங்களோ, தெரியாது."

கெடிசா கவேராவைப் பார்த்தார்.

"என்ன ஏன் பாக்குற? சட்டம் உனக்குத் தெரியாதா? வினாரு பேர அடிக்கணும்."

"என் பேர அடி. ஒட்டினது நான். பிடிச்சவன் என்ன செஞ்சான்?"

"சட்டத்துல ஊர்ன்னுதானே இருக்கு." கவேரா ஜன்னல் வழியே துப்பிவிட்டு வந்து, மேசையிலிருந்த பேனாவை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார். "வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பேனாவத் தேட எனக்கு நேரமில்ல. முழுப்பூச்சி வந்துச்சுன்னா அப்ப பேசலாம். இப்ப அந்த மேசையில உக்காராத, எழுந்திரு."

அன்றைக்கே யகாசுவுக்கு விஷயம் தெரிந்தது. கெடிசாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். அவாசிதான் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அண்ணே, பன்னி கயித்தோட நிக்குது. வெட்டவா, அவுத்து விடவா?"

"உன் புருஷன் மானத்த வாங்கிட்டான்!"

"பூச்சி இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"எங்க இருக்குன்னு உனக்குத்தானே தெரியும்? முகட்டுப் பேரு போகப்போகுது, நீ இங்க முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திரு."

யகாசு பிடிக்கிற இடம் பாறைக்கு மேலே, அவன் தாத்தா வேட்டையாடிய ஊசியிலைக் காடு. ரத்த உறவு இல்லாதவன் அங்கே கால் வைக்கக்கூடாது. கெடிசா இத்தனை வருஷத்தில் அந்தக் காட்டை அடிவாரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறார். யகாசு எழுந்து வலையை எடுத்தான். சாய்ந்த வெயிலில் இருவரும் ஏறினார்கள். காட்டின் முகப்பில் யகாசு ஒரு கிளையை ஒடித்துத் தாத்தா பெயரைச் சொல்லி, "இது என் தங்கச்சி புருஷன். வேலையா வந்திருக்கான், அடிச்சிராதே," என்று மரங்களிடம் சொன்னான்.

புதன்கிழமை முழுக்க மேகம். பத்து மணி வாக்கில் கொஞ்ச நேரம் மட்டும் வெயில் விழுந்தது. மரத்தலையிலிருந்து ஒன்று இறங்கி ஈரப்பாறையில் உட்கார்ந்து நீர் உறிஞ்சியது. யகாசு வலையைப் போட்டான், விழுந்தது. வழக்கம்போல வலையோடு சேர்த்து அதன் நெஞ்சை இரு விரலால் நசுக்கினான். வண்ணத்துப்பூச்சியாக இருந்தால் அந்த நொடியே அடங்கும். இது அடங்கவில்லை. வலைக்குள் படபடவென்று அடித்துச் சுழன்றது. அது ஓய்ந்தபோது இரண்டு கொம்பும் தூளாகிக் கிடந்தன.

யகாசு தலையில் கை வைத்துக்கொண்டான். கெடிசாவோ அந்தப் பூச்சியையே பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், போன தடவையும் இப்படித்தான் நசுக்கினியா?"

"பின்ன எப்படி? முத்தமா குடுப்பாங்க?"

"இது முரடு. நசுக்குனா சாகல, அடிச்சுக்கிட்டுத் தானே கொம்ப ஒடிச்சுக்குது. ஒடிச்சது நீ, ஒட்டினது நான். நம்ம ரெண்டு பேரும் கூட்டாத்தான் அந்தப் பொண்ண ஏமாத்தியிருக்கோம்."

யகாசு அவரை முறைத்தான். பிறகு அவன் தோள் குலுங்கியது. பாறைமேல் இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்து, கெடிசா இரண்டு கணு மூங்கில் வெட்டினார். உள்ளே பாசியை ஈரமாகத் திணித்தார். நசுக்கவே வேண்டாம், உயிரோடு கொண்டுபோவோம். வெயிலில் பறக்கிற பூச்சி, இருட்டில் வைத்தால் அடங்கிக் கிடக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேகம் பிளந்தது. மரத்தலைகளில் வெயில் ஏறியதும் அவை வந்தன. ஒன்று, மூன்று, பிறகு எண்ண முடியவில்லை. நீலம் மின்னுவதும் அணைவதுமாக உச்சியைச் சுற்றின. மஞ்சள் வயிற்று வண்ணத்துப்பூச்சிகளும் நடுவில் கலந்து பறந்தன. கீழிருந்து பார்த்தால் எது எது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். பாறைக்கு இறங்கிய ஒன்றை யகாசு வலைக்குள் வீழ்த்தினான். இந்தத் தடவை கையை வைக்கவில்லை. கெடிசா மூங்கில் வாயை வலைக்குள் நுழைத்தார், அது தானே இருட்டைப் பார்த்து ஏறியது. பெண்ணுக்கு அவ்வளவு அலைய வேண்டியிருக்கவில்லை. இடுப்பு உயரக் கன்று ஒன்றின் ஊசியிலையில் கனத்த வயிறோடு உட்கார்ந்திருந்தது. கெடிசா பக்கத்தில் மண்டியிட்டார்.

அப்போதுதான் முதல்முறையாக அதன் சொந்தக் கொம்பைப் பார்த்தார். நுனியில் குமிழ் இல்லை. அடியிலிருந்து நுனி வரை ஊசியாக மெலிந்து, வெயில் படும்போது நீலமாக, படாதபோது கறுப்பாக, காற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. நாலாம் டப்பாவில் இப்படி ஒன்றுகூட இல்லை. எந்த டப்பாவிலும் இல்லை. இதன் தலையில் போய் அந்தத் தடிக்கொம்பை வைத்தேனே என்று வெட்கமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் கொம்பைத் தொட்டவர், ஒன்றையாவது அது அசையும்போது பார்த்ததில்லை.

"என்ன மச்சான், அழுவறியா?"

"வேர்வை. மூங்கிலக் குடு."

நாலு மணிக்குக் கூடத்துப் படியில் ஏறினார்கள். டாக்டர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். கெடிசா முதல் மூங்கிலின் பாசியை எடுத்தார். ஆண் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, இரண்டு கொம்பையும் முன்னால் நீட்டியிருந்தது. சீப்புப் பல் மாதிரி இரு பக்கமும் மெல்லிய மயிர்வரிசை. இரண்டாவது மூங்கிலில் பெண். அது மட்டுமில்லை, அதற்குப் பக்கத்தில் கடுகளவு பச்சை முட்டைகள் பதினொன்று.

டாக்டர் பெட்டியின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். "முட்டையுமா!" என்றார்.

விஷக்குப்பியில் ஆண் அடங்கியதும் டாக்டர் ஊசியை எடுத்தார். ஒரு கணம் யோசித்து அதைக் கெடிசாவிடம் நீட்டினார். கெடிசா கவேராவைப் பார்த்தார்.

"உக்காரு, உக்காரு," என்றார் கவேரா. "மேசை காலியாத்தானே இருக்கு."

இறக்கை விரிக்கிற பலகையில் கெடிசா அந்தப் பூச்சியை வைத்தார். நெஞ்சுக்கு நடுவில் ஊசி. இறக்கைகளைக் காகிதப் பட்டையால் அழுத்தி, மேல் இறக்கையின் கீழ்விளிம்பு நேர்க்கோடாகும்வரை நகர்த்தினார். கடைசியாகக் கொம்பு. பன்றி மயிரின் நுனியால் ஒவ்வொன்றையும் தொட்டு விலக்கி வைத்தார். பசைக் கிண்ணம் மூடியே இருந்தது. அவர் நிமிர்ந்தபோதுதான் சுற்றி நின்றவர்கள் மூச்சு விட்டார்கள்.

டாக்டர் நோட்டில் கொம்பைப் பற்றி எழுதிய அந்த ஒரு பக்கத்தின் குறுக்கே கோடு போட்டார். புதுப் பக்கம் திருப்பினார். அளவுகோலை வைத்து அளந்து, சொல்லிக்கொண்டே எழுதினார். முன்னிறக்கை இவ்வளவு நீளம், பட்டை இவ்வளவு அகலம், விளிம்பு இப்படி, அடிவயிறு இந்த நிறம்.

"ஆணோட கொம்பு, கறுப்பு, நீல மினுமினுப்பு. ரெண்டு பக்கமும் சீப்புப் பல்லு. நுனிவரைக்கும் மெலியுது."

"நுனியில குமிழ் இல்ல. அதையும் எழுது," என்றார் கெடிசா.

"இல்லாதத எழுதுற வழக்கமில்ல, அப்பா."

"இதுக்கு எழுது."

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். எழுதினார்.

கவேரா இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்தார். வினாரு பெயர் இருந்த பக்கத்தைத் திறந்து, அதை அடிக்காமல், சட்டத்தின் கீழே ஒரு வரி சேர்த்தார். இனிமேல் ஒட்டிய ஒவ்வொன்றிலும் வட்டம் மட்டும் போதாது, வட்டத்துக்குள் ஒட்டிய ஆளின் பெயரும் வேண்டும்.

"உனக்கு இதுதான் தண்டனை. ஒவ்வொண்ணுலயும் உன் பேரு."

"என் பேரா? வெளிநாடு வரைக்கும் போகுமா?"

"போகும்."

"இத முன்னாடியே குடுத்திருக்கலாமே!" என்று கெடிசா சொன்னதும் கூடம் அதிரச் சிரித்தார்கள்.

வெள்ளைக்கால் பன்றி சனிக்கிழமை குழியடுப்புக்குப் போனது. யகாசு தொடைக்கறியை எல்லாருக்கும் முன்னால் கெடிசாவின் இலையில் வைத்தான்.

பதினாலு மாதம் கழித்து அச்சடித்த தாள்கள் வந்தன. கவேராவே லாரி ஏறிக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் கலையுமுன் தேவாலய வாசலில் நின்று, வரி வரியாகப் படித்துப் பேச்சு மொழியில் சொன்னார். வினாரு முகட்டின் பெயரையே பூச்சிக்கு வைத்திருந்தார்கள். கெடிசா ஊசி குத்திய அந்த ஆண்தான் அந்தப் பெயரைத் தாங்குகிற மூலப்பூச்சி. இனி யார் எந்தக் காலத்தில் சந்தேகப்பட்டாலும் அதைத்தான் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். சிவப்புச் சீட்டோடு தலைநகரில் இருக்கிறது. பிடித்தவர்கள்: யகாசு போனெங், கெடிசா யாலிங். பெயரைப் படித்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். யகாசு சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான்.

"இன்னும் ஒரு வரி இருக்கு," என்றார் கவேரா. "முதலில் கிடைத்த ஒன்றும் கொம்பில்லாமல் பாதுகாக்கப்பட்டுள்ளது. அதில் இருந்த வண்ணத்துப்பூச்சிக் கொம்புகள் கெடிசா யாலிங் ஒட்டியவை. அவரே வந்து சொல்லி, அவரே கழற்றிக் காட்டினார். ஒட்டிய இடத்தை, இதை எழுதியவரால் கண்டுபிடிக்க முடியவில்லை."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. யகாசு முகம் சுளித்தான்.

"அத எதுக்கு அச்சுல போட்டாங்க? நாலு தேசம் படிக்கிறதுல நம்ம வெட்கக்கேட்ட எழுதணுமா? மச்சான், அந்தப் பொண்ணுக்குச் சொல்லி எடுக்கச் சொல்லு."

"எடுக்குறதா?" கெடிசா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ஐம்பதை நெருங்குகிற வயதுக்கு அவர் நடை அன்றைக்கு அப்படி நிமிர்ந்திருந்தது. "மச்சான், எல்லாரும் பூச்சி பிடிக்கிறாங்க. பிடிச்சவன் பேரு அதுல நூறு வரும். செஞ்ச தப்ப அவனே வந்து சொன்னான்னு எத்தன பேருக்கு அச்சுல போட்டிருக்கு? கவேரா, மத்தத விடு. அந்த வரிய மட்டும் இன்னொரு தடவ படி. மெதுவாப் படி. கடைசி வார்த்தையச் சத்தமாப் படி, பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல."

கவேரா படித்தார். இந்தத் தடவை அவாசி முதலில் கை தட்டினாள்.

திங்கட்கிழமை கெடிசா அந்தத் தாளை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கூடத்துக்கு எடுத்துப்போனார். ஒட்டுகிற மேசைக்கு மேலே, ஒடிந்த பூச்சியோடு வருகிறவன் கண்ணில் முதலில் படுகிற உயரத்தில் நாலு ஆணி அடித்து மாட்டினார். அந்த ஒரு வரிக்குக் கீழே மட்டும் பென்சிலால் கோடு இழுத்திருந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு வந்த முதல் காகிதத்தைத் திருப்பி, வட்டம் போட்டு, உள்ளே தன் பெயரை எழுதிவிட்டு, அப்புறம்தான் பசையைத் திறந்தார்.